சூடான இன்ஜினை ஓட்டிப் பார்த்து கார் வாங்காதீர்கள்

முந்தாநாள் என் ஒர்க்‌ஷாப்புக்கு இன்னொரு கார் வந்தது. பழைய பெட்ரோல் வண்டி, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் நீலப் புகை, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. “ஓட்டிப் பார்த்துத்தானே வாங்குனீங்க?” என்றேன். “ஆமாண்ணே, பிக்கப் அருமையா இருந்துச்சு.” இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

பிக்கப் இருந்தால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னது? ஆயில் குடிக்கிற இன்ஜினும் இழுக்கும். டைமிங் செயின் தொய்ந்த இன்ஜினும் இழுக்கும். நீங்கள் போவதற்கு முன்பே வண்டியை ஓடவிட்டிருப்பார்கள். “வெயில்ல வர்றீங்களேன்னு ஏசி போட்டு வெச்சேன் சார்” என்பார்கள். நீங்களும் உபசாரம் என்று நினைத்துக்கொள்வீர்கள். வால்வு சீல் போன இன்ஜினில் ராத்திரி முழுக்க ஆயில் கசிந்து இறங்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் அது புகையாகத் தெரியும். தேய்ந்த பிஸ்டன் ஆறியிருக்கும்போது தட்டும், சூடேறி விரிந்ததும் சத்தம் அடங்கிவிடும். டீசலில், ஆறிய இன்ஜின் பிடிக்கச் சூடேற்றிக் கொடுக்கும் குளோ பிளக் போயிருந்தாலும், சூட்டில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். எங்களிடம் வருகிற பாதி வில்லங்கம் ஆறிய இன்ஜினில்தான் வாயைத் திறக்கும்.

அதனால் காலையிலேயே போங்கள். “நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்” என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் உள்ளங்கையை வையுங்கள். நிழலில் நின்ற வண்டி சுடுகிறதா? இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். கூச்சமே வேண்டாம், பணம் உங்களுடையது.

சாவியை ஆன் செய்ததும் இன்ஜின் விளக்கு, ஏர்பேக் விளக்கு இரண்டும் எரிய வேண்டும். அப்புறம் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

ஓட்டும்போது பாட்டை நிறுத்துங்கள். முடிந்தால் புரோக்கரின் பேச்சையும். கண்ணாடியை இறக்கிவிட்டு, காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். முன்சக்கரத்தில் ‘டக் டக்’ என்றால் ஆக்சில் ஜாயின்ட் செலவு காத்திருக்கிறது. மேம்பாலம் ஏறும்போது நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுற்றும் வேகம், ஏறியும் வண்டியின் வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. தெருமுனை டீக்கடை வரை போய்த் திரும்பினால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட்டை ஷாம்பூ போட்டுக் கழுவுகிறவர்கள் உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டை மறந்துவிடுவார்கள். சேற்றுக் கறை அங்கே இருக்கும்.

தயவுசெய்து ஒன்று: அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து “ஒரு தடவை பாருங்கண்ணே” என்று நிற்காதீர்கள். அதற்கு முன்னால் கூப்பிடுங்கள். நான் இல்லாவிட்டால் உங்கள் தெரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். ஸ்டீயரிங்கைப் பிடிக்குமுன் வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது இடித்தால், ஓட்டியவர் நீங்கள்தான்.