மலையை அரிக்க அரிக்க அது ஏன் எழும்புகிறது?

எவரெஸ்ட் சிகரம் 15 முதல் 50 மீட்டர் வரை கூடுதலாக உயர்ந்ததற்கு அதன் அருகே ஓடும் அருண் ஆற்றின் அரிப்பு காரணம் என்று 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. "ஆறு அரித்தால் மலை குறையத்தானே வேண்டும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியத் தட்டு ஆசியாவோடு முட்டியது, இமயம் மடிந்து எழுந்தது என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அந்த மலைக்குக் கீழே என்ன இருக்கிறது? அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு தூக்குக்குண்டு.

1802-ல் சென்னையில் தொடங்கி, இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் வேலை அளவைப் பணியின் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் வட இந்தியாவை எட்டியது. மத்திய இந்தியாவில் கல்யாண்பூர், அங்கிருந்து சுமார் 600 கிலோமீட்டர் வடக்கே, இமயத்துக்கு அருகில் கலியானா. இவற்றின் அட்சரேகை வித்தியாசத்தைத் தரையில் அளந்தும் பார்த்தார்கள், நட்சத்திரங்களை வைத்தும் பார்த்தார்கள். இரண்டு விடைகளுக்கும் நடுவே 5.236 விநாடிக் கோணம் உதைத்தது. ஒரு பாகையில் 3600 விநாடிகள். தரைக்கணக்கில் இந்தப் பிசகு சுமார் 160 மீட்டர். அளவையில் வந்த பிழை என்று எவரெஸ்ட் அதை ஒதுக்கிவிட்டார்.

கல்கத்தாவில் இருந்த பாதிரியார் ஜான் பிராட்டுக்கு மனசு கேட்கவில்லை. நட்சத்திரத்தை அளக்க, தலைக்கு நேர்மேல் எது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது தூக்குக்குண்டின் நூல். அருகிலுள்ள மலையின் ஈர்ப்பு குண்டைத் துளி வடக்கே இழுக்கும். கலியானாவில் இன்னும் அதிகமாக. இமயத்தின் நிறையைக் கூட்டிக் கணக்குப் போட்டார். பிசகு 15.885 விநாடி வந்திருக்க வேண்டும். வந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு! அவ்வளவு பெரிய மலை, இழுக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை.

1855-ல் ஜார்ஜ் ஏரி (Airy) என்ற ஆங்கிலேய வானியலாளர் விடை சொன்னார். தண்ணீரில் மிதக்கும் கட்டைகளில் ஒன்று மட்டும் மேலே தூக்கி நின்றால், கீழேயும் அது ஆழமாக இறங்கியிருக்கும். மலைக்கும் அப்படி ஒரு வேர் உண்டு. கனமான பாறை இருக்க வேண்டிய ஆழத்தில் இலேசான பாறை இருப்பதால்தான் இழுப்பு குறைந்தது. (ஐந்து விநாடிப் பிசகைத் துரத்த இன்று யாராவது நிதி கேட்டால், 'இதனால் என்ன பயன்?' என்ற கேள்வியிலேயே விண்ணப்பம் நின்றுவிடும் என்பது என் சந்தேகம்.)

தாளில் போட்டுப் பாருங்கள். பூமியின் மேலோட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.8 கிராம், அடியில் உள்ள பாறைக்கு 3.3. வித்தியாசம் 0.5. 2.8-ஐ அதால் வகுத்தால் 5.6. அதாவது 1 கிலோமீட்டர் உயரத்துக்கு 5.6 கிலோமீட்டர் வேர். திபெத் பீடபூமியின் உயரம் சுமார் 5 கிலோமீட்டர், ஆகவே வேர் 28. அந்த 5-ஐயும், மேலோட்டின் வழக்கமான தடிமன் 35-ஐயும் சேர்த்தால் மொத்தம் 68. நிலநடுக்க அலைகளை வைத்து அளந்தால் கிடைப்பதும் ஏறக்குறைய 70தான். எத்தனை முறை போட்டாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

சரி, ஆற்றுக்கு வருவோம். பரந்த மலைப்பகுதியில் 1 கிலோமீட்டர் பாறையைச் சீவி எடுத்தால், சுமை குறைந்து வேர் மேலெழும்; காலப்போக்கில் சுமார் 850 மீட்டர் திரும்பக் கிடைத்துவிடும். சராசரி உயரம் எப்படியும் குறையத்தான் செய்கிறது, வாசகர் சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் ஆறு வெட்டுவது பள்ளத்தாக்கை மட்டும். அடியில் உள்ள பாறை மெல்ல நகர்ந்து தூக்கிவிடுவதோ சுற்றுவட்டாரம் முழுவதையும். வெட்டுப்படாத சிகரத்துக்கு அது அப்படியே லாபம். அருண் ஆறு சுமார் 89,000 ஆண்டுகளுக்கு முன்பு கோசி ஆற்று அமைப்போடு இணைந்து அரிப்பைக் கூட்டியது என்கிறது அந்த ஆய்வு. அதற்காக எவரெஸ்ட்டை ஆறுதான் உயர்த்தியது என்று எழுதிவிடக் கூடாது. இதனால் ஏறுவது ஆண்டுக்கு அதிகபட்சம் அரை மில்லிமீட்டர் அளவுதான், 8,848.86 மீட்டரில் பெரும்பங்கு இன்னமும் இந்தியத் தட்டின் தள்ளலுக்கே உரியது.