துரு நீலமாவது எப்படி: பழைய வின்செஸ்டர் ரைஃபிள்களின் உலோகமும் மரமும்

அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் செய்த நூறாண்டு பழமையான 1894 மாதிரி ரைஃபிளைத் திருப்பிப் பார்த்தால், அதன் ரிசீவரின் (இயக்கப் பாகங்களைத் தாங்கும் எஃகுச் சட்டகத்தின்) அடிப்பகுதி பெரும்பாலும் நீலமிழந்து வெள்ளிச் சாம்பல் நிறத்தில் தேய்ந்திருப்பதைக் காணலாம். ரைஃபிளின் எடை சமநிலை கொள்ளும் இடம் அதுவே. மானைத் தேடி நாள் முழுவதும் நடந்த வேட்டைக்காரர் அந்த இடத்தைப் பற்றித்தான் அதை ஒற்றைக் கையில் தூக்கிச் சென்றார். அவருடைய உள்ளங்கையின் உரசலும் வியர்வையின் உப்பும், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே தடிமன் கொண்ட ஆக்சைடு படலத்தைச் சிறிது சிறிதாக நீக்கிவிட்டன. அமெரிக்கக் குடும்பங்களில் தாத்தாவின் ரைஃபிள் பேரனுக்கோ பேத்திக்கோ வந்து சேரும்போது, இந்தத் தேய்மானத்தை மெருகேற்றிப் புதிதாக்க வேண்டும் என்ற ஆசை இயல்பாக எழுகிறது. அந்த ஆசைக்கு இணங்குவதற்கு முன், அந்தப் படலம் என்ன, அது எவ்வாறு உருவானது, துருவோடு அதற்கு என்ன உறவு என்பவற்றை அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

முதலில் இயக்கத்தைப் பார்ப்போம். சுடும் விசையைச் சூழ்ந்த காப்பு வளையத்தோடு இணைந்த நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், வெற்றுத் தோட்டா வெளியேறிப் புதிய தோட்டா குழலுக்குள் செல்லும். பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-இல் காப்புரிமை பெற்ற ரைஃபிளும், அதன் வழிவந்த 1866, 1873 மாதிரி வின்செஸ்டர்களும் ‘முழங்கால் மூட்டு’ வகையைச் சேர்ந்தவை. காலை நேராக நிமிர்த்தி நிற்கும்போது உடலின் எடை எலும்புகளின் வழியே தரைக்கு இறங்குகிறது. முழங்கால் சற்றே மடங்கினாலும் அதே எடையைத் தசைகள் தாங்க வேண்டியிருக்கிறது. அவ்வாறே, தோட்டாவைப் பின்னிருந்து தாங்கும் நகரும் துண்டான போல்ட்டின் பின்னால் உள்ள இணைப்புத் தண்டுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும் வரை, வெடிப்பின் பின்னோக்கிய உந்தல் அவற்றின் வழியாகச் சட்டகத்தைச் சென்றடைகிறது. நெம்புகோல் இறங்கத் தொடங்கியதும் மூட்டு மடங்கி, போல்ட் பின்வாங்குகிறது. இயக்கம் மிக மென்மையானதுதான். ஆனால் அந்த உந்தல் முழுவதையும் மெல்லிய தண்டுகளும் அவற்றைக் கோக்கும் ஊசிகளுமே ஏற்கின்றன.

இந்த வரம்பை யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங் என்ற துப்பாக்கி வடிவமைப்பாளர் தகர்த்தார். அவர் வடிவமைத்த 1886 மாதிரியில் போல்ட்டின் இருபுறமும் இரண்டு எஃகுத் தாழ்கள் செங்குத்தாக எழுந்து, போல்ட்டையும் சட்டகத்தையும் ஒன்றாகப் பிணைக்கின்றன. 1894 மாதிரியில் ஒரே அகன்ற தாழ் போல்ட்டின் பின்புறத்தில் எழுந்து நிற்கிறது. நெம்புகோலை இறக்கும்போது முதலில் இந்தத் தாழ் கீழிறங்குகிறது. அதன் பிறகே போல்ட் பின்னால் நகர்ந்து, சுத்தியலை மடக்கி, வெற்றுத் தோட்டாவை மேலே எறிகிறது. 1873 மாதிரிக்கு உரிய ‘நாற்பத்துநான்கு-நாற்பது’ தோட்டாவுக்கு இன்றைய அமெரிக்கத் தொழில் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,000 பவுண்டு. 1894 மாதிரிக்காக 1895-இல் வந்த புகையில்லா வெடிமருந்துத் தோட்டாவான ‘முப்பது-முப்பது’க்கு அது 42,000 பவுண்டு. பின்னதைச் சுடும்போது ஒரு கணம் போல்ட்டின் முகத்தில் ஏறும் விசை ஏறத்தாழ இரண்டு டன்னைத் தொடுகிறது. அதைத் தாங்குவதற்குக் குழலும் நிக்கல் கலந்த வலிய எஃகுக்கு மாற வேண்டியிருந்தது. ஆகவே, பழைய ரைஃபிள் ஒன்று எந்தத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது என்பதைக் குழலின் மீதுள்ள எழுத்திலிருந்து படித்தறிவது அதன் பாதுகாப்பையே முடிவுசெய்யும் செயலாகும்.

குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாய் மேகசினில் (தோட்டாச் சேமிப்பறையில்) தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருப்பதால், ஒன்றின் குண்டு முனை அதற்கு முன்னுள்ளதன் பிரைமரை, அதாவது தட்டினால் தீப்பற்றும் அடிமூடியை, நோக்கி நிற்கும். கூர்முனைக் குண்டு அங்கே இருந்தால் சுடும் அதிர்ச்சியில் பிரைமர் வெடித்துவிடக்கூடும். இதனாலேயே இவற்றின் குண்டுகள் தட்டை முனையோடு செய்யப்படுகின்றன. ஆர்தர் சாவேஜ் தம்முடைய 1899 மாதிரியில் சுழலும் மேகசினை அமைத்து, கூர்முனைக் குண்டுகளுக்கும் வழிசெய்தார். மார்லின் நிறுவனம் 1889-இலிருந்து வெற்றுத் தோட்டாவைப் பக்கவாட்டில் வெளியேற்றியது; பிற்காலத்தில் தொலைநோக்கி பொருத்த விரும்பியவர்களுக்கு இது பெரும் வசதியாக அமைந்தது.

இனி கட்டுரையின் மையத்துக்கு வருவோம். இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதி நிகழ்வு. ஈரப்படலத்துக்கு அடியில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து கரைகின்றன. வேறோரிடத்தில் அந்த எலக்ட்ரான்களை ஆக்சிஜனும் நீரும் ஏற்றுக்கொள்கின்றன. நீரில் உப்பு இருந்தால் மின்கடத்தல் எளிதாகி, அழிவு விரைகிறது. இறுதியில் விளையும் செந்துரு நீரேறிய இரும்பு ஆக்சைடு ஆகும். அது தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், அழுத்தம் தாளாமல் வெடித்துப் பொருக்காக உதிர்கிறது. அதன் நுண்துளைகள் ஈரத்தைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துக்கொள்கின்றன. ஆகவே துரு தன் கீழுள்ள இரும்பையும் அரிக்கிறது.

ஆனால் இரும்புக்கு வேறோர் ஆக்சைடும் உண்டு. மூன்று இரும்பு அணுக்களுக்கு நான்கு ஆக்சிஜன் அணுக்கள் என்ற விகிதத்தில் அமைந்த கருநிற மேக்னடைட் அது. அது எஃகை இறுகப் பற்றிக்கொள்ளும், எளிதில் உதிராது, மெல்லிய எண்ணெய்ப் படலத்தைத் தன்னிடம் தேக்கிவைக்கும். துப்பாக்கித் தொழிலில் ‘நீலமேற்றல்’ என்று சொல்லப்படுவது வண்ணம் பூசுவதன்று. எஃகின் மேற்பரப்பையே இந்த மேக்னடைட்டாக மாற்றுவதுதான். அடியிலுள்ள எஃகு எவ்வளவு நுட்பமாக மெருகேற்றப்பட்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்தக் கருமை ஆழ்ந்த நீலமாகத் தோன்றும்.

பழைய குழல்களில் இதை அடைந்த வழி வியப்புக்குரியது. எண்ணெய்ப் பிசுக்கு சிறிதும் இல்லாமல் கழுவிய எஃகின்மீது வேண்டுமென்றே அமிலக் கரைசலைத் தடவி, ஈரமான அறையில் வைத்துச் சீரான செந்துருவை வளர்க்கிறார்கள். பிறகு குழலைக் கொதிநீரில் மூழ்கவைக்கிறார்கள். கொதிக்கும் நீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவு. அடியிலுள்ள எஃகோ இரும்பு அயனிகளைத் தந்துகொண்டேயிருக்கிறது. இந்தச் சூழலில் செந்துரு, சில நிமிடங்களில், கண்ணெதிரே கருமையாகிறது. மேலே தளர்ந்து நிற்கும் கருந்தூளை மென்மையான கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டு, மீண்டும் கரைசல், மீண்டும் துரு, மீண்டும் கொதிநீர் எனப் பலமுறை செய்யும்போது படலம் அடர்த்தியாகிறது. எதிரியாகிய துருவையே கவசமாக மாற்றும் இந்த முறையைக் காட்டிலும் அழகான வேதியியல் செயல்முறையைக் கைத்தொழில்களில் நான் அறிந்ததில்லை.

ரிசீவர்களின் கதை வேறு. தொடக்ககால வின்செஸ்டர் ரிசீவர்கள் சூளையில் கரியோடு சூடேற்றி நீலமாக்கப்பட்டன. அந்தப் படலம் புதிதில் மிகுந்த பளபளப்போடு இருந்தாலும், காலப்போக்கில் செதில்செதிலாக உரிந்துவிடும். துருவேற்றி நீலமாக்கிய குழலோ உரியாமல் மெல்லப் பழுப்பு கலந்த நிறத்துக்கு மாறும். தோட்டா செருகும் பக்கவாயிலின் சிறு தகடு உருகிய உப்பில் வெப்பமூட்டப்பட்டு மயில்கழுத்து நீலம் பெற்றது. எனவே 1905-இல் செய்யப்பட்ட ஒரு ரைஃபிளில் ரிசீவர் சாம்பலாகவும் குழல் பழுப்பாகவும் இருப்பது இயற்கை. குழல், ரிசீவர், பக்கவாயில் மூன்றும் ஒரே சீரான கருமையில் பளபளத்தால், பிற்காலத்தில் யாரோ அதை மறுநீலமேற்றியிருக்கிறார்கள் என்று தேர்ந்த சேகரிப்பாளர் உடனே ஐயுறுவார். காரமும் நைட்ரேட்டும் கலந்த கரைசலை 140 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கவைத்து அதில் மூழ்கடிக்கும் விரைவு முறை, 1930-களுக்குப் பின்னரே தொழிற்சாலைகளில் பரவலானது.

மறுநீலமேற்றலில் உண்மையான இழப்பு நிறத்தால் நேர்வதில்லை; அதற்கு முந்தைய மெருகேற்றலால் நேர்கிறது. சுழலும் துணிச்சக்கரம் எண்கோணக் குழலின் கூர்விளிம்புகளை மழுங்கச் செய்கிறது. திருகுத் துளைகளின் ஓரத்தைக் குழியாக்குகிறது. வின்செஸ்டர் தொழிற்சாலை இருந்த நியூ ஹேவன் நகரின் முகவரியும் காப்புரிமைத் தேதியும் பொறித்த எழுத்துகளைப் பாதி அழித்துவிடுகிறது. படலத்தை மீண்டும் உருவாக்கலாம், நீங்கிய எஃகைத் திரும்ப வைக்க முடியாது. 1886 மாதிரியின் தொடக்ககாலச் சட்டகங்களில் காணப்படும் வானவில் நிறங்கள் இன்னும் மென்மையானவை. எலும்புக்கரியும் மரக்கரியும் நிறைந்த பெட்டியில் சட்டகத்தைச் செஞ்சூடாக்கும்போது கார்பன் மேற்பரப்பில் ஊடுருவி அதைக் கடினமாக்குகிறது. பிறகு காற்றுக் குமிழ்கள் பாயும் நீரில் திடீரெனக் குளிர்விக்கும்போது, வெவ்வேறு தடிமனில் அமையும் ஆக்சைடு படலங்கள் ஒளி அலைகளின் குறுக்கீட்டால் நீலமும் பொன்னிறமும் காட்டுகின்றன. கடுமையான துடைப்பான்களை இதன்மீது பயன்படுத்துவது பெருங்கேடு.

அப்படியானால் துருப்பிடித்த ரைஃபிளை என்ன செய்வது? துருவைத் தடுத்து நிறுத்த வேண்டும். வயதை அழிக்கக் கூடாது. மேலோட்டமான துருவுக்கு எண்ணெயில் நனைத்த, நீலப் படலத்தைவிட மென்மையான வெண்கலக் கம்பிப் பஞ்சும் பொறுமையும் போதும். துரு பரவலாக இருந்தால், பாகத்தைக் கழற்றி, எண்ணெய் நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைக்கலாம். மேலே சொன்ன வேதிவினையே இங்கும் நடந்து, செந்துரு மேக்னடைட்டாக மாறும், மெருகேற்றலே தேவைப்படாது. பாகங்களைக் கழற்றும்போது திருகின் பிளவை முழுமையாக நிரப்பும் இணைபக்க முனைத் திருப்புளியையே பயன்படுத்த வேண்டும். வீட்டுத் திருப்புளியின் ஆப்பு வடிவ முனை வழுக்கி, திருகின் தலையைச் சிதைத்துவிடும். சிதைந்த திருகுத் தலைகளைப் போல ஒரு நல்ல ரைஃபிளின் முகத்தைக் கெடுப்பது வேறில்லை.

குழலின் உட்புறத்துக்கு வேறொரு பகை உண்டு. பழைய பிரைமர்களில் இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகக் குழலின் உட்புறச் சுருள் பள்ளங்களான புரிகளில் படிந்தது. அது சமையல் உப்பைப் போலவே ஈரத்தை ஈர்க்கும். எண்ணெயில் கரையாது, நீரில் மட்டுமே கரையும். சுட்டபின் குழலை எண்ணெயால் மட்டும் துடைத்துவைத்த கவனமான வேட்டைக்காரர்களின் ரைஃபிள்களும் உள்ளே குழிவிழுந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே. முதலில் வெந்நீர், பிறகு முழுமையாக உலர்த்தல், கடைசியில் எண்ணெய் என்ற வரிசை பழைய தோட்டாக்களைச் சுடுவோருக்கு இன்றும் பொருந்தும்.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தோளில் பொருந்தும் மரப்பகுதியான கட்டை பெரும்பாலும் அமெரிக்கக் கருவால்நட் மரத்தாலானது. அதிலுள்ள பள்ளங்கள் நசுங்கிய மரச்செல்களே. ஈரத்துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தொட்டால் நீராவி செல்களுக்குள் புகுந்து அவற்றை உப்பச் செய்கிறது, பள்ளம் மேலெழும். உப்புத்தாள் தேய்ப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் தொழிற்சாலையில் உலோகத்தைவிடச் சற்றே உயர்ந்து நின்ற மரம், தேய்த்தபின் உலோகத்துக்குக் கீழே அமுங்கிவிடும். ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பல்லுறுப்பாகி இறுகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்துவைத்தால் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்தோ விரித்து உலர்த்தியோ அப்புறப்படுத்த வேண்டும்.

மரபுரிமையாக ரைஃபிளைப் பெற்றவர் முதலில் மேகசினிலும் குழலிலும் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். நெம்புகோலை ஒருமுறை இறக்கிப் பார்ப்பது போதாது; குழாய் மேகசினில் சிக்கிய தோட்டா ஒன்று மறைந்திருக்கக்கூடும். சுடுவதற்கு முன், துப்பாக்கிப் பழுதுநர் ஒருவர் அளவுகோல் கொண்டு போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா அமரும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைச் சோதிக்க வேண்டும். தாழ் தேய்ந்து அந்த இடைவெளி கூடியிருந்தால், பித்தளைத் தோட்டா பின்னோக்கி இழுபட்டு அடிப்பகுதிக்குச் சற்று மேலே பிளந்துவிடக்கூடும்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கி தொல்பொருள் வகையில் சேரும். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், உயில் வழியாகவோ இயல்பான வாரிசுரிமையாலோ மாநில எல்லை தாண்டி வரும் ரைஃபிளுக்கு, மாநிலங்களுக்கிடையே துப்பாக்கியைக் கைமாற்றுவதற்கான தடையிலிருந்து விலக்களிக்கிறது. எனினும் பெறுபவர் தம் மாநிலச் சட்டப்படி அதை வைத்திருக்கத் தகுதியுடையவராக இருக்க வேண்டும். மாநில விதிகள் பெரிதும் வேறுபடுகின்றன. ஆகவே உற்பத்தி ஆண்டு வெறும் ஆர்வச் செய்தியன்று. வயோமிங் மாநிலத்தின் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகம் பழைய வின்செஸ்டர் ஏடுகளைப் பாதுகாக்கிறது. வரிசை எண் அந்த ஏடுகளின் வரம்புக்குள் இருந்தால், கட்டணம் பெற்றுக்கொண்டு, குழல் எண்கோணமா உருண்டையா, தோட்டா எது, கிடங்குக்கு வந்த நாளும் அனுப்பப்பட்ட நாளும் எவை என்று கடிதமாகத் தருகிறது. அதற்குப் பின் அந்த ரைஃபிள் யாரிடம் இருந்தது, எந்தத் திருகு எப்போது மாற்றப்பட்டது, கட்டையின் வெட்டு எப்படி விழுந்தது என்பவற்றைக் குடும்பத்தார் நினைவிலுள்ளபோதே வரிசை எண்ணோடு எழுதி, அந்தக் கடிதத்துடன் சேர்த்துவைக்க வேண்டும். ஆனால் ரைஃபிளைத் தோல் உறைக்குள் வைக்கக் கூடாது. பதனிட்ட தோலின் அமிலமும் அது தேக்கிவைக்கும் ஈரமும், ஒரே மழைக்காலத்தில் செந்துருவைத் திரும்பவும் கொண்டுவந்துவிடும்.