ஓடுபாதைக்கு முந்தைய கடைசித் திருப்பம்

ராணுவப் பயிற்சி விமானம் தரையிறங்க வரும்போது விழுந்து உயிர்கள் போயின என்று செய்தி வந்தால், பலரும் முதலில் இன்ஜினைத்தான் சந்தேகிக்கிறார்கள். இன்ஜின் முழுத் திறனில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி விழுந்த விமானங்கள் உண்டு.

இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிக் காற்று வழிந்தோடும் வரைதான் விமானத்தைத் தூக்கி நிறுத்தும் ஏற்றுவிசை கிடைக்கும். எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் உள்ள கோணம் ஓர் எல்லையை (பல விமானங்களில் ஏறத்தாழ 15 பாகை) தாண்டினால் காற்று பிரிந்து குலைகிறது. ஏற்றுவிசை சரிகிறது. இதுதான் ஸ்டால். வேகம் குறைந்தால் மட்டுமே ஸ்டால் வரும் என்ற எண்ணம் ஆபத்தானது. கோணம் மீறினால் எந்த வேகத்திலும் வரும்.

ஓடுபாதைக்கு நேராக வர விமானம் சாய்ந்து திரும்புகிறது. ஏற்றுவிசையில் ஒரு பங்கு அந்தத் திருப்பத்துக்கே செலவாவதால், ஈடுகட்ட விமானி ஸ்டிக்கை (மூக்கை உயர்த்தித் தாழ்த்தும் கைப்பிடியை) பின்னுக்கு இழுக்கிறார். கோணம் கூடுகிறது. 30 பாகை சாய்வில் ஸ்டால் வேகம், அதாவது ஸ்டால் தொடங்கும் வேகம், 7 சதவீதம்தான் உயரும். 45 பாகையில் 19, 60 பாகையில் 41. நேராகப் பறக்கையில் மணிக்கு 200 கி.மீ.யில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் இழக்காமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் 283 கி.மீ.யிலேயே ஸ்டால் ஆகிவிடும்.

இப்போது பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது, விமானம் ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டப் போகிறது என்று வையுங்கள். மாணவர் இன்னும் சாய்த்து, இன்னும் இழுப்பார். அல்லது சாய்க்கப் பயந்து, வாலிலுள்ள சுக்கானான ரடரை மிதித்து மூக்கைத் திருப்பப் பார்ப்பார். இரண்டாவது இன்னும் மோசம். உட்புற இறக்கை வேகமிழந்து முதலில் ஸ்டால் ஆக, விமானம் அந்தப் பக்கமே புரண்டு சுழலத் தொடங்கும். சில நூறு அடி உயரத்தில் அதிலிருந்து மீள இடமே இல்லை.

அமெரிக்காவின் டி-38 போன்ற மெல்லிய இறக்கை பயிற்சி ஜெட்களில் ஸ்டால் ஆனாலும் மூக்கு சட்டென்று கவிழாது. உடல் அதிரும், விமானம் கிடுகிடுவென்று கீழிறங்கும். இழுவிசை (காற்றின் எதிர்ப்பு) அவ்வளவு பெருகிவிடுவதால் இன்ஜினை மட்டும் முடுக்கிப் பயனில்லை. ஸ்டிக்கைத் தளர்த்திக் கோணத்தைக் குறைத்தே ஆக வேண்டும். தரை நெருங்கி வரும்போது கையைத் தளர்த்துவது மனித இயல்புக்கு நேர் எதிரானது. பயிற்றுநரின் நிலைமையும் கொடியது. மாணவர் தவறு செய்து திருத்திக்கொள்ள அவகாசம் தர வேண்டியவர் அவர். இந்த இடத்தில் அந்த அவகாசம் அவருக்கே கிடையாது.

ஆபத்தில் விமானியை ராக்கெட்டால் வெளியே வீசும் வெளியேற்று இருக்கைகளில் பல, நின்றுகொண்டிருக்கும் விமானத்திலிருந்துகூட ஆளைக் காப்பாற்றும். ஆனால் அந்தக் கணக்கு சாயாமல், கீழிறங்காமல் இருக்கும் விமானத்துக்கு. விமானம் புரண்டிருந்தால் இருக்கையின் ராக்கெட் பக்கவாட்டில் தள்ளும். வேகமாக இறங்கிக்கொண்டிருந்தால், அதன் உந்துதலில் பெரும்பகுதி அந்த இறக்கத்தை ஈடுகட்டவே தீர்ந்துவிடும். அதனால்தான் நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டால் திருப்பத்தை இறுக்காமல், இறக்கைகளைச் சமன்செய்து, மேலேறி மறுசுற்று வரும்படி மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.