தறப்பாளின் உட்பக்கம் ஏன் நனைகிறது?

தை பிறந்தால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். இம்முறை கேட்டவர் கொக்குவில் வாசகர் ஒருவர். நண்பர்களோடு மணற்காட்டுச் சவுக்கங்காட்டுப் பக்கம் போய், மரங்களை விட்டுத் தள்ளித் திறந்த மணல்வெளியில் நீலத் தறப்பாளைக் கட்டிப் படுத்திருக்கிறார். வானத்தில் ஒரு பொட்டு முகில்கூட இல்லை. விடியப்புறம் காற்று ஒருதரம் தறப்பாளை உலுப்ப, உள்ளே படுத்திருந்தவர்கள் மேல் மழை மாதிரித் தண்ணீர் கொட்டியதாம். "கடைக்காரர் ஒழுகிற சாமானைத் தலையில் கட்டிவிட்டாரா? காசு போனால் போகட்டும் என்று நல்ல ரென்ற் ஒன்று வாங்குவதா?" என்று கேட்கிறார்.

கடைக்காரரில் பிழையில்லை. அந்தத் தறப்பாள் ஒழுகவும் இல்லை. இதைவிட மூன்று மடங்கு விலைக்கு வாங்கிய ஒற்றைத் துணியை அதே இடத்தில், அதே மாதிரிக் கட்டியிருந்தாலும் நனைந்துதான் எழும்பியிருப்பார்கள்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று பழமொழி சொல்கிறது. குளிரைப் பற்றிய வரையில் சரிதான். ஆனால் பனி மேலேயிருந்து விழுந்து எதையும் துளைப்பதில்லை. அது பொருளின் மேலேயே, அந்த இடத்திலேயே உண்டாகிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குப் பனிபடுநிலைப் பரிசோதனை ஞாபகம் இருக்கும். மினுக்கிய கலோரிமானியில் தண்ணீரை விட்டு, ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் வெளிப்பக்கப் பளபளப்பு மங்கும். அந்த நேரம் வெப்பமானி காட்டுவதுதான் பனிபடுநிலை. தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அதற்குக் கீழே குளிர்ந்தால், தாங்க முடியாத நீராவியை அது அந்த மேற்பரப்பில் இறக்கிவிடும். மாரி முடிந்த கையோடு நம் கடற்கரைப் பக்கத்தில் இரவுக் காற்று 25 பாகையாகவும் சாரீரப்பதன் 90 வீதமாகவும் இருந்தால், பனிபடுநிலை 23 பாகைக்குச் சற்று மேலே நிற்கும். அதாவது எந்தப் பொருளும் காற்றைவிட இரண்டு பாகை குளிர்ந்தாலே போதும், நனையத் தொடங்கிவிடும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த கேள்வி வருகிறது. கலோரிமானிக்குள் ஐஸ் இருந்தது. தறப்பாளுக்குள் என்ன இருந்தது? நாலு மனிதர்கள் இருந்தார்கள், அவ்வளவும் சூடான உடம்பு. பகல் வெயிலில் சுட்ட மணலும் கீழே இருந்தது. சுற்றிவர 25 பாகைக் காற்று. இத்தனைக்கும் நடுவில் கட்டியிருந்த ஒரு துணி, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும்விட எப்படிக் குளிர்ந்தது?

வானம்தான் காரணம். சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர்களை விட்டுக்கொண்டே இருக்கும். 27 பாகையில் உள்ள ஒரு நல்ல கதிர்வீசி சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 460 வாற்று விடும். சுவரும் மரமும் மணலும் அதே அளவை நமக்குத் திருப்பி விடுவதால், அறைக்குள் இருக்கும்போது இந்தக் கொடுக்கல் வாங்கலை நாம் உணர்வதில்லை. ஆனால் இரவு வானம் திருப்பித் தருவது குறைவு. காற்றில் உள்ள நீராவியும் காபனீரொட்சைட்டும் கதிர்வீசினாலும், 8 முதல் 13 மைக்கிரோமீற்றர் வரையான அலைநீளத்தில் வளிமண்டலம் பெரும்பாலும் ஒளிபுகவிடும். நம் வெப்பநிலையில் உள்ள பொருட்கள் கூடுதலாகக் கதிர்வீசுவதோ ஏறத்தாழ 10 மைக்கிரோமீற்றரில். அந்த ஜன்னலுக்கால் வெப்பம் நேரே விண்வெளிக்குப் போய்விடும். கடலோர ஈரக் காற்றில் ஜன்னல் பாதி மூடியே இருக்கும். நம்மூர்த் தெளிந்த இரவில் வானம் காற்றைவிட ஒரு பத்துப் பாகை குளிரான கூரையாக நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ளலாம். பாலைவனத்தில் இந்த இடைவெளி இதைவிடப் பெரிது.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். வானத்தைப் பார்த்திருக்கும் சதுர மீற்றர் ஒன்று, வரவு செலவு போக, 50 வாற்றளவில் இழக்கிறது. மலிவான தறப்பாள் சதுர மீற்றருக்கு 100 கிராமளவில்தான் இருக்கும். அவ்வளவு பிளாஸ்ரிக்கை ஒரு பாகை குளிர்விக்க 200 யூலைச் சற்றுத் தாண்டினால் போதும். 50 வாற்றுக்கு அது ஐந்து செக்கன் வேலை! சூரியன் போன கையோடு தறப்பாள் குளிரத் தொடங்கிவிடும். அப்படியே குளிர்ந்துகொண்டு போகாமல் தடுப்பது, இரண்டு பக்கமும் தொட்டு ஓடும் காற்று கொடுக்கும் சூடு. அசையாத காற்றில் இரண்டு மூன்று பாகை கீழே போய்ச் சமநிலைக்கு வரும். நமக்கு வேண்டாததும் அந்த இரண்டு பாகைதான். காற்று வீசினால் வித்தியாசம் சுருங்கிப் பனி குறையும். முகில் மூடினால் முகிலின் அடிப்பக்கம் கதிரைத் திருப்பி அனுப்பும், பனியே இராது. விடியப்புறம் முற்றத்தில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சீற்றில் கோலம் போடலாம், போட்டிக்கோவுக்குக் கீழே நின்றது காய்ந்திருக்கும். இரண்டையும் தொட்டது ஒரே காற்று. ஒன்று வானத்தைப் பார்த்தது, மற்றது பார்க்கவில்லை.

இதை முதன்முதலில் ஒழுங்காக நிறுவியவர் லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்ள்ஸ் வெல்ஸ். 1814 இல் வெளியிட்டார். அவர் செய்த பரிசோதனைகளில் ஒன்றை நினைத்தால் எனக்குச் சந்தோசம் தாங்காது. புல்தரையில் நாலு குச்சியை நட்டு, புல்லுக்கு ஆறு அங்குலம் மேலே ஒரு மெல்லிய கைக்குட்டையை இழுத்துக் கட்டினார். பக்கங்கள் எல்லாம் திறந்தே இருந்தன. ஆனாலும் கைக்குட்டைக்குக் கீழே இருந்த புல், வெளியே இருந்த புல்லைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தது. குளிர்காலத்தில் தோட்டக்காரர்கள் மெல்லிய பாயால் செடிகளை மூடுவதைப் பார்த்து முன்பு உள்ளுக்குள் சிரித்தவர்தான் அவர். கைக்குட்டை காற்றை மறிக்கவில்லை, புல்லிடமிருந்து வானத்தைத்தான் மறைத்தது. கவனித்துப் பாருங்கள், உலகத்திலேயே மிகச் சின்ன தறப்பாள் அது!

அப்போ உட்பக்கம்? தறப்பாள் மெல்லியது; மேல்பக்கம் என்ன குளிரோ கீழ்ப்பக்கமும் அதே குளிர். வெளிக்காற்று மேலே நீர் இறக்க, உள்ளே இருக்கும் காற்று கீழே இறக்கும். உள்ளே இருக்கும் காற்றோ இன்னும் ஈரமானது. மூச்சாலும் தோலாலும் ஓர் ஆள் இரவில் விடும் நீராவி கால் லீற்றரளவு. நாலு பேர் என்றால் ஒரு லீற்றர். மாரி கழித்து இன்னும் ஈரம் வற்றாத மணல் தன் பங்கைத் தரும். முதலில் டோர்ச் அடித்துப் பார்த்தால் உட்பக்கம் மங்கலாகத்தான் தெரியும். பிறகு கடுகுமணி அளவில் துளிகள், பக்கத்துத் துளியோடு சேர்ந்து பயறளவு. மேற்பரப்பு இழுவிசை அவற்றைத் தலைகீழாகப் பிடித்து வைத்திருக்கும். தறப்பாள் செங்குத்தாகச் சரிந்திருந்தால் பெரிதான துளி வழுக்கி ஓரத்தால் இறங்கிவிடும்; கீழே படுத்தவருக்கு ஒன்றும் தெரியாது. கொட்டகைபோலத் தட்டையாகக் கட்டியிருந்தால் அப்படியே தொங்கும், முதல் காற்று உலுப்பும் மட்டும்.

கண்ணாடி போன்ற வெறும் பொலித்தீனை வாங்கலாமா என்று இன்னொருவர் முன்பு கேட்டிருந்தார். மெல்லிய, நிறமூட்டாத பொலித்தீன் இந்தக் கதிர்களைப் பெரும்பாலும் அப்படியே போகவிடும். மழைக்கு மறைப்பு, வானத்துக்கு மறைப்பில்லை. பொலித்தீன் பசுமைக்கூடத்துக்குள் சில தெளிந்த இரவுகளில் வெளியைவிடக் குளிர் கூடுவது இதனால்தான். பனி படிந்து நீர்ப்படலம் வந்த பிறகு நிலைமை மாறும், நீர் இந்தக் கதிர்களை விடாது. அதற்குள் படுத்தவர் பாதி இரவு நடுங்கியிருப்பார்.

சரி, மரத்தடியில் கட்டலாமே என்றால், பேய்க்கதை வந்துவிடும். இரவில் புளியமரத்தின் கீழே படுத்தால் பேய் அமுக்கும் என்பார்கள். அதை நம்பாத படித்தவர்கள் "பேயில்லை, மரம் விடுகிற காபனீரொட்சைட்டு" என்று அதையே வேறு சட்டை போட்டுச் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதில்தான் கூடக் கோபம் வரும். மனிதர் ஒருவர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார். அவருக்குப் பக்கத்தில் படுக்க யாரும் பயப்படுவதில்லை. திறந்த வெளியில் மரம் விடுவது காற்றோடு கலந்து போய்விடும். இலைகள் காற்றின் வெப்பநிலையில் நின்று நம்மேல் கதிர்வீசுவதால், மரத்தடிதான் சூடான, காய்ந்த இடம். உண்மையில் பார்க்க வேண்டியது பட்ட கொப்பு இருக்கிறதா, இடி மின்னல் காலமா என்பதை. தென்னைக்குக் கீழே மட்டும் வேண்டாம், அதற்கு விஞ்ஞானம் தேவையில்லை. "தலையில் பனி விழும், துவாயைக் கட்டு" என்று அம்மம்மா சொல்வதில் பாதி சரி. பனி விழாது, தடிமன் வைரசால் வருவது. ஆனால் வானத்தைப் பார்த்திருக்கும் தலை வெப்பம் இழப்பது மெய். வெல்ஸின் கைக்குட்டை செய்ததைத்தான் துவாயும் செய்கிறது.

இனிக் கடைக்குப் போவோம். மலிவுத் தறப்பாள் என்பது பொலித்தீன் நாடாக்களைப் பின்னி, இருபக்கமும் பொலித்தீன் பூசியது. புதிதாக இருக்கும்போது மழைக்கு அது தாராளமாகப் போதும். அதன் எதிரி வெயில். நாள்கணக்காக வெயிலில் கிடந்தால் புறவூதாக் கதிர் சங்கிலி மூலக்கூறுகளை அறுத்து, மடிப்புகளில் பொடிபொடியாக உதிரும். இரவுக்குக் கட்டிப் பகலில் மடித்து வைப்பவருக்கு அது பெரிய பிரச்சினையில்லை. தூக்கி நடக்க வேண்டுமென்றால் சிலிக்கோன் பூசிய நைலோன் சதுர மீற்றருக்கு 50 கிராமளவில்தான், ஆனால் விலை எகிறும். நைலோன் நனைந்தால் நீண்டு தொய்யவும் செய்யும், நடு இரவில் எழும்பி இழுத்துக் கட்ட வேண்டும். பொலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. வன்னியிலும் இங்கேயும் பலருக்குத் தெரிந்த அகதிகள் நிறுவனத்தின் வெள்ளைத் தறப்பாள் 4 மீற்றருக்கு 5 மீற்றர், கிட்டத்தட்ட நாலு கிலோ. உள்ளே கறுப்பு இழை வைத்திருப்பது, இரவில் விளக்கு எரியும்போது உள்ளே இருப்பவர்களின் நிழல் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக. ஒரு துணியை வடிவமைத்தவர் இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார். அதற்குக் கீழே வருசக்கணக்காக இருந்தவர்களிடம் நாங்கள் தறப்பாள் கட்டும் வித்தை பேசக்கூடாது, கேட்டுத்தான் படிக்க வேண்டும்.

என் அபிப்பிராயம்: துணியின் தரத்துக்குக் கொடுக்கும் காசை அளவுக்குக் கொடுங்கள். இரண்டு பேருக்கு 12 அடிக்கு 10 அடி குறைவில்லாமல். பெரிய தறப்பாளைச் சரிவாகவும் கட்டலாம், ஓரத்தை நிலத்திலிருந்து ஒரு முழம் தூக்கிக் காற்றையும் விடலாம், இரண்டும் பனிக்கு மருந்து. சின்னதைக் கட்டினால் மழைக்குப் பயந்து ஓரத்தை நிலத்தோடு ஒட்டுவீர்கள், உள்ளே நீராவி அடைபடும்.

மிச்சக் காசில் நுளம்பு வலை ஒன்று வாங்கி, அதன் மேற்கூரைக்குப் பழைய நூல்சேலை ஒன்றை விரித்துவிடுங்கள். தறப்பாளுக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி வேண்டும். சேலை வானத்தைப் பார்க்காது, தறப்பாளைத்தான் பார்க்கும். ஆகவே காற்றின் வெப்பநிலைக்குக் கிட்டவே நிற்கும், அதில் பனி பிடிக்காது. மேலே இருந்து சிந்தும் துளியை அது உறிஞ்சும். விலைகூடிய ரென்ற்றுகளில் இரட்டைச் சுவர் என்று விற்பது இதைத்தான்.

நம்பாதவர்கள் கராஜ்களில் எஞ்சின் சூடு பார்க்கிற துப்பாக்கி வெப்பமானியை இரவல் வாங்கி, தெளிந்த இரவில் வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கொரோனாக் காலத்தில் நெற்றிக்குப் பிடித்தது உதவாது, அதன் வீச்சு உடம்புச் சூட்டுக்கு மட்டும். வானம், முகில், மரத்தடி, தறப்பாள் என்று நாலையும் பிடித்தால் இந்தக் கட்டுரை முழுவதும் அந்தச் சின்னத் திரையில் வரும். இந்த அளவீட்டை ஒரு வருசம் நெடுந்தீவில் ஒழுங்காக எடுக்க ஒரு பல்கலைக்கழக மாணவருக்குப் படகுச் செலவும் சாப்பாடும் கொடுத்தால் போதும். நல்ல நீருக்குத் தவிக்கும் தீவு அது. பனி நீரைக் கூரைகளில் சேர்க்கும் முயற்சியைக் குஜராத்தின் கச்சுப் பகுதியில் செய்து பார்த்திருக்கிறார்கள். மேலே போட்ட 50 வாற்றுக் கணக்குப்படி, பத்து மணித்தியால இரவில் சதுர மீற்றருக்கு முக்கால் லீற்றர்தான் உச்சவரம்பு, நடைமுறையில் அதில் ஒரு பங்குதான் வரும். கிணற்றுக்கு அது மாற்றில்லை. ஆனால் எவ்வளவு வரும் என்று அளந்தாவது வைத்திருக்க வேண்டாமா? பெரிய கருவிகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளி இப்படியான சின்ன வேலைகளுக்கும் போகலாம்.

மாரியில் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: நடுவில் குழி விழ விடாதீர்கள். ஒரு சதுர மீற்றரில் ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீர் தேங்கினால் 50 கிலோ. கயிற்றைத் தொய்வே இல்லாமல் கிடையாக இழுத்துக் கட்டுவதும் ஆபத்து. நடுவில் 10 கிலோ தொங்கி, கயிறு ஐந்து பாகைதான் சரிந்திருந்தால், கயிற்றில் ஏறும் இழுவை 57 கிலோ நிறைக்குச் சமம். தறப்பாளின் கண்வளையம் பிய்வது பெரும்பாலும் இப்படித்தான். வளையத்தை நம்பாமல், மூலைக்குள் ஒரு கூழாங்கல்லை வைத்துச் சுருட்டி அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டினால் இழுவை துணி முழுக்கப் பரவும். மணற்காட்டு மணலில் முளை நிற்காது. வெறும் சீமெந்துப் பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள்.