பழைய ஈகோஸ்போர்ட் வாங்கும் முன் சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள்

பணகுடியிலிருந்து ஒரு தம்பி போன மாதம் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஒன்றை என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். 2018 மாடல், டீசல். இன்னும் வாங்கவில்லை. புரோக்கரிடம் அரை நாள் கேட்டு ஓட்டி வந்திருக்கிறார். பாலிஷ் மின்னுகிறது, சீட் கவர் புதிது, மேட்டும் புதிது. "அண்ணாச்சி, எஞ்சின் சத்தத்த மட்டும் கேட்டுச் சொல்லுங்க. சாயங்காலம் அட்வான்ஸ் கொடுக்கணும்" என்றார்.

பானெட் பக்கமே நான் போகவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து, இனி வராது என்கிற வரை இழுத்தேன். வெளியே தெரிகிற பகுதி பளிச்சென்றுதான் இருந்தது. உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசிப் பகுதி வந்ததும், குறுக்கே டீக்கறை மாதிரி ஒரு பழுப்புக் கோடு. விரலால் தேய்த்தேன், மாவு மாதிரி உதிர்ந்தது. ஆத்து வண்டல்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தை நம் திருநெல்வேலிப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் மூடுவது நமக்குப் பழக்கம், அதை வைத்துத்தான் வெள்ளத்தையே அளப்போம். அந்த முறை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகமும் சேர்ந்து மூழ்கின. வாசலில் நிறுத்தியிருந்த வண்டிகளின் கதி என்னவாகியிருக்கும்? அவற்றில் பல, துடைத்துக் கழுவி, கை மாறி, இப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஈகோஸ்போர்ட்டை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், "உசரமான வண்டி, தண்ணிக்குப் பயமில்ல" என்ற பேச்சு இந்த வண்டியைச் சுற்றித்தான் அதிகம். எனக்கும் பிடித்த வண்டிதான். 2003-ல் பிரேசிலில் பிறந்தது. இரண்டாம் தலைமுறையை 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள். 2013 ஜூனில் 5.59 லட்சம் ஆரம்ப விலையில் இங்கே விற்பனைக்கு வந்தது. தயாரானது நம் மறைமலை நகரில். நீளத்தை 4 மீட்டருக்குள் அடக்கியதற்குக் காரணம் வரி: 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால்தான் சின்னக் கார் கணக்கு. 1.0 ஈகோபூஸ்ட் பெட்ரோலுக்கும் 1.5 டீசலுக்கும் அந்தச் சலுகை கிடைத்தது, 1.5 பெட்ரோலுக்குக் கிடைக்கவில்லை. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி, வலது டெயில் லேம்ப் ஓரத்தில் ஒளித்து வைத்த கைப்பிடி, 200 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று எல்லாம் சேர்ந்து ஒரு ஜீப் தோரணை.

ஆனால் அடியில் இருப்பது ஃபியஸ்டா காரின் அடித்தளம். பொலீரோ மாதிரி தனிச் சட்டத்தின் மேல் பாடி வைத்த வண்டி இல்லை இது. இழுப்பது முன் சக்கரம் மட்டும்தான். பிரேசிலில் நாலு சக்கர இழுவை கொடுத்தார்கள், இங்கே வரவே இல்லை. இந்த மாதிரி வண்டியைக் கிராஸ்ஓவர் என்பார்கள், அதாவது காரை உயர்த்திக் கட்டியது. மாஞ்சோலைப் பக்கத்துக் குண்டுகுழியை அது தாங்கும். வெள்ளம் வேறு விஷயம்.

இந்த வண்டி கடக்கலாம் என்று கம்பெனி சொன்ன ஆழம் 550 மில்லிமீட்டர் தண்ணீர். அந்த எண்ணைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 550 என்றால் ஓர் ஆளின் முழங்காலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதுவும் தண்ணீர் நிற்க வேண்டும், வண்டி நடை வேகத்தில் போக வேண்டும். வேகமாக இறக்கினால் முன்னால் அலை எழும்பி, எஞ்சின் காற்று இழுக்கும் வாய்க்கே வந்துவிடும். எதிரே ஒரு பஸ் வந்தால் அதன் அலையும் சேரும்.

தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகும்? பிஸ்டன் மேலே வரும்போது காற்று அமுங்கிக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. அந்த விசையை, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வாங்கி வளைகிறது. டீசலில் மேலே மிச்சமிருக்கும் இடம் இன்னும் குறுகல், அதனால் கொஞ்சம் தண்ணீரே போதும். வெள்ளம் வடிந்த அந்த வாரம் என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல், தண்ணீரில் நின்றபோது கெட்டவை அல்ல. வடிந்த பிறகு "ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போம்" என்று சாவியைத் திருப்பியதால் கெட்டவை. ஒரு வண்டியில் எடுத்த ராடை இன்னும் வைத்திருக்கிறேன். நேராக நிற்க வேண்டிய இரும்பு, புளியங்காய் மாதிரி வளைந்திருக்கிறது.

ஆகவே மூழ்கிய வண்டியில் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், கட்டி இழுத்து வாருங்கள். பெட்ரோலில் பிளக், டீசலில் இன்ஜெக்டர் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சாதாரண ஃபுல் இன்சூரன்ஸ் வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். ஆனால் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து உடைந்த எஞ்சினுக்கு, எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்காவிட்டால் பெரும்பாலும் கை விரித்துவிடுவார்கள். ஆத்தோரத்தில் குடியிருப்பவர்கள் அடுத்த ரினியூவலிலேயே கேட்டு வாங்குங்கள்.

இனி, வாங்கப் போகிறவர்களுக்கு. மற்ற கார்களில் வெள்ளத் தடயம் தேட ஸ்டெப்னிக் குழியைத்தான் முதலில் பார்ப்போம். இதில் ஸ்டெப்னி கதவில் தொங்குவதால் அந்த வழி இல்லை. சீட் பெல்ட், டிக்கி விரிப்புக்கு அடிப்பக்கம், சீட் நகரும் தண்டவாளத்தின் துரு, டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சீட் கவர் புதிதாக இருந்தால் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

2024-ல் போட்ட இன்சூரன்ஸ் காகிதத்தையும் கேளுங்கள். க்ளெய்ம் இல்லாமல் போனால் நோ க்ளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி வருடா வருடம் ஏறி 50 சதவீதம் வரை போகும். க்ளெய்ம் செய்தால் பூஜ்யம். ஒரே ஓனர் பல வருடம் வைத்திருந்த வண்டிக்கு அந்த வருடம் மட்டும் பூஜ்யம் என்றால், ஏன் என்று கேளுங்கள். ஓனர் மாறினாலும் பூஜ்யமாகும், அதை ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும்.

எந்த எஞ்சின் என்பதும் முக்கியம். 1.0 ஈகோபூஸ்ட், 2017 நவம்பரில் வந்த மூன்று சிலிண்டர் 1.5 பெட்ரோல், இரண்டிலும் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடும். சொன்ன தரத்தில் இல்லாத ஆயிலை ஊற்றினாலோ, மாற்றாமல் இழுத்தடித்தாலோ பெல்ட்டின் ரப்பர் கரைந்து, துகள் ஆயில் வழியை அடைக்கும். அதனால் இந்த வண்டிகளில் கிலோமீட்டரைவிட ஆயில் பில் பெரிய சாட்சி. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததும் பலர் சர்வீஸ் சென்டரை விட்டு, கிடைத்த இடத்தில் கிடைத்த ஆயிலை ஊற்றத் தொடங்கினார்கள். கம்பெனி போனதைவிட எனக்கு இதுதான் கவலை. பாகங்களும் சர்வீஸும் இன்றும் கிடைக்கின்றன.

பணகுடித் தம்பி அன்றைக்கே வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது சுரண்டையில் இன்னொன்று பார்த்திருக்கிறாராம். 2019, பெட்ரோல், ஒரே ஓனர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே வந்து பார்க்கிறேன், ஓனரிடம் ஆயில் பில் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.