நிமோனியா: சொல்லும் கிருமிகளும்

நிமோனியா எந்தக் கிருமியின் பெயரும் இல்லை. கிரேக்கத்தில் நுரையீரலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நோய் எங்கே என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. காற்றுப்பைகளில் நீரும் சீழும் தேங்கி, நோய் முற்றினால் ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலாவுக்குக் கீழே குழி விழும். தமிழில் நுரையீரல் அழற்சி. அழல் என்றால் நெருப்பு, அதனால் அழற்சி கச்சிதமான சொல். சளிக்காய்ச்சல் என்றும் சிலர் எழுதுகிறார்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. படிப்பவர் சாதாரண ஜலதோஷம் என்று நினைத்துவிடுவார்.

சரி, எதனால் வருகிறது? 'கிருமி' என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிட முடியாது, ஏனென்றால் ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியா என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலம் சிறு கோல். நுண்ணுயிரி என்கிறோம், ஆனால் பூஞ்சையும் நுண்ணுயிரிதானே, அதனால் பாக்டீரியா என்றே எழுதுவது மேல். வைரஸ் லத்தீனில் நஞ்சு. நச்சுயிரி, தீநுண்மி இரண்டும் புழங்குகின்றன. செல்லுக்கு வெளியே பெருக முடியாததை உயிரி என்பதா என்ற வழக்கு இன்னும் தீராததால் என் ஓட்டு தீநுண்மிக்கு.

பெயரே ஏமாற்றுவதும் உண்டு. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சா ஒரு பாக்டீரியா. 1892இல் ஜெர்மன் பாக்டீரியா ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபைஃபர் இதுதான் ஃப்ளூவுக்குக் காரணம் என்றார், 1933இல் மனித ஃப்ளூ வைரஸையே பிரித்தெடுத்த பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. ஹிப் தடுப்பூசி இதன் பி வகைக்கானது.

அப்புறம் ஆர்.எஸ்.வி., அதாவது ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ் (respiratory syncytial virus). இதைச் 'சுவாச ஒத்திசைவு வைரஸ்' என்று எழுதுவது சுத்தப் பிழை. இசைவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தொற்றிய செல்கள் பக்கத்துச் செல்களோடு கலந்து ஒரே பெரிய செல்லாகிவிடும், பெயரிலுள்ள 'சின்சிஷியல்' அதைத்தான் சொல்கிறது. சுவாசக் கூட்டுச்செல் தீநுண்மி எனலாம். ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் ஏழில் நடந்து 2019இல் முடிவுகள் வெளியான பெர்ச் ஆய்வில், கடும் நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் (எச்.ஐ.வி. இல்லாதவர்கள், எக்ஸ்ரேயில் உறுதியானவர்கள்) நோய்க்காரணங்களில் இதன் பங்கு ஏறத்தாழ 31%, வேறெந்தக் கிருமியும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை.

காரணம் என்று எழுதும்போது இன்னொரு கவனம் வேண்டும். நிமோனியா உண்டாக்கக்கூடிய நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா, நோயே இல்லாத குழந்தையின் மூக்கிலும் குடியிருக்கும். நோயுற்ற நுரையீரலிலிருந்து மாதிரி எடுப்பது சுலபமில்லை என்பதால் பெரும்பாலும் மூக்கு, தொண்டையில்தான் எடுக்கிறார்கள். ஆகவே 'கண்டறியப்பட்ட கிருமி' வேறு, 'நோய் உண்டாக்கிய கிருமி' வேறு. சோதனை முடிவில் பாசிட்டிவ் என்றிருந்தால் முதலாவதை மட்டும் எழுதுங்கள்.