கல் வலி இறங்கும் வழி

சிறுநீரகத்துக்குள் அசையாமல் கிடக்கும் கல் பெரும்பாலும் வலிப்பதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்க் கல் இருப்பதைத் தெரிந்துகொள்பவர்கள் நிறைய. அது நகர்ந்து, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் சிறுநீர்க்குழாயில் இறங்கும்போதுதான் வேதனை தொடங்குகிறது.

அந்தக் குழாய் 25 முதல் 30 செ.மீ. நீளம், உள்ளகலம் 3, 4 மி.மீ. தான். கல் கீறுவதைவிட அது வழியை அடைப்பதுதான் வலிக்கு முக்கியக் காரணம். இறங்க முடியாத சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் உள்ளிருந்து விம்முகிறது. குழாயின் தசை கல்லைத் தள்ளப் பார்த்து இறுகி இறுகிப் பிழிகிறது. அதனால் வலி விட்டு விட்டு ஏறி இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தால் கல் வந்துவிடும் என்பதற்கு ஆதாரமில்லை. தண்ணீரின் வேலை அடுத்த கல் வராமல் தடுப்பது.

வலி இருக்கும் இடத்தை வைத்தே கல் எங்கே நிற்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். குழாயின் மேல்முனையில் மாட்டினால் விலாவுக்குக் கீழே, முதுகின் ஒரு பக்கம் வலிக்கும். இறங்க இறங்க வலியும் அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் வரும். ஆண்களுக்கு விதைப்பை வரை பரவும். சிறுநீர்ப்பையை நெருங்கியதும் அடிக்கடி சிறுநீர் முட்டும், போனால் சொட்டுச் சொட்டாக எரிச்சலோடு வரும். இதை வெறும் சூட்டுக்கடுப்பு என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால் குமட்டலும் வாந்தியும் கூடவே வரும்.

இன்னொரு அடையாளம், ஆள் ஓரிடத்தில் இருக்க மாட்டார். உட்காருவார், எழுவார், புரளுவார். குடல்வால் அழற்சி முற்றியவரோ அசைந்தாலே வலிக்கும் என்று அப்படியே படுத்திருப்பார். சிறுநீர் சிவந்து போகலாம். பல சமயம் ரத்தம் பரிசோதனையில் மட்டுமே தெரியும். சிலருக்கு அதுவும் இருக்காது.

வலியோடு குளிர்க் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. சிறுநீர் அறவே வராவிட்டாலும், இருப்பது ஒரே சிறுநீரகம் என்றாலும், கர்ப்பமாக இருந்தாலும் உடனே மருத்துவமனைதான்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வலி நின்றதும் வரும் நிம்மதி. 5 மி.மீ.க்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறும், உண்மைதான். ஆனால் கல் அங்கேயே நிற்க, சிறுநீரகம் தளர்ந்துபோவதாலும் வலி அடங்கும். அப்புறம் சத்தமில்லாமல் அது கெட்டுக்கொண்டே வரும். ஆகவே வலிக்கிற நாட்களில் சிறுநீரை ஒரு டீ வடிகட்டியில் வடித்துப் பாருங்கள். கல் கிடைத்தால் டாக்டரிடம் கொடுங்கள்; எந்த வகைக் கல் என்று சோதிக்கலாம். கிடைக்கவில்லையா, வலி போயிருந்தாலும் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.